பதிவேடும் கணிப்பொறியும்

கணிப்பொறியில் ஏற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை இன்று நாட்டில் பரவலாக இருக்கிறது. குடும்ப அட்டை, வாக்காளர் பட்டியல், வங்கிக் கணக்கு, நிலப் பட்டா என நம் வாழ்வைத் தொடும் ஏடுகள் யாவும் ஒவ்வொன்றாகக் கணிப்பொறிக்குள் குடியேறிவிட்டன. ஆனாலும் வட்டாட்சியர் அலுவலகத் தாழ்வாரங்களில் மனுவோடு காத்திருப்போரை இன்றும் காண்கிறோம். எழுத்துப் பிழை என்பர் சிலர். தாமதம் என்பர் சிலர். அதிகம் பேசப்படாத காரணம் ஒன்றும் உண்டு. ஏட்டை முதலில் வகுத்தவர் உலகத்தை எந்தெந்தப் பொருள்களாகப் பிரித்துப் பார்த்தார், அவற்றுக்கிடையே எந்தெந்த உறவுகளை ஒப்புக்கொண்டார் என்பதே அது. அவர் காணாமல் விட்டதை ஏடும் காணாது. ஏடு காணாததைக் கணிப்பொறியும் காணாது.

இதனை முறையாக ஆராயும் ஒரு துறை உலகப் பல்கலைக்கழகங்களில் ஏறத்தாழ அரை நூற்றாண்டாக வளர்ந்து வருகிறது. அதற்குக் கருத்துரு மாதிரியாக்கம் என்று பெயர். தகவல் அமைப்புப் பொறியியல் என்னும் பெருந்துறையின் அடித்தளம் அது. சேலம், நாமக்கல் சமவெளியின் நில ஏடுகளைச் சான்றாகக் கொண்டு அத்துறையை அறிமுகம் செய்வதே இக்கட்டுரையின் நோக்கம். சூத்திரம் ஏதும் இதில் இல்லை. ஆகவே வரலாறும் பொருளியலும் தமிழும் பயிலும் நண்பர்களும் தயங்காமல் படிக்கலாம்.

கருத்துரு மாதிரி என்பது யாது?

வீடு கட்டுமுன் வரைபடம் போடுகிறோம். தகவல் அமைப்பு ஒன்றைக் கட்டுமுன் போடும் வரைபடமே கருத்துரு மாதிரி. இதில் மூன்று வினாக்களுக்கு விடை இருக்கும். நமக்கு வேண்டிய பொருள்கள் எவை? ஒவ்வொரு பொருளுக்கும் உரிய பண்புகள் எவை? பொருளுக்கும் பொருளுக்கும் உள்ள உறவுகள் எவை?

நாமக்கல்லுக்குப் பழக்கமான லாரித் தொழிலையே எடுத்துக்கொள்வோம். லாரி ஒரு பொருள். ஓட்டுநர் ஒரு பொருள். லாரியின் பதிவு எண் அதன் பண்பு. ஓட்டுநரின் உரிம எண் அவருடைய பண்பு. ஓட்டுநரின் பெயரை எங்கே எழுதுவது? அவசரக்காரர் அதை லாரியின் பண்பாக, லாரி விவரத்தின் கடைசிக் கட்டத்தில் எழுதிவிடுவார். ஓட்டுநர் மாறும்போது பழைய பெயரை அழித்துப் புதிய பெயரை எழுதுவார். ஆறு மாதம் கழித்து, குறிப்பிட்ட ஒரு நாளில் வண்டியை ஓட்டியவர் யார் என்று விபத்து வழக்கில் கேட்டால் அந்த ஏட்டிடம் விடை இராது. 'ஓட்டுதல்' என்பதை லாரிக்கும் ஓட்டுநருக்கும் இடையிலான ஓர் உறவாகக் கண்டு, அந்த உறவுக்குத் தொடங்கிய நாள், முடிந்த நாள் என்ற பண்புகளைக் கொடுத்திருந்தால் விடை கிடைத்திருக்கும். இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கணிப்பொறியின் வேகத்தைச் சார்ந்ததன்று. சிந்தனையின் தெளிவைச் சார்ந்தது.

தமிழ் பயில்வோருக்கு இச்சிந்தனை புதிதன்று. சொற்களை ஆராயப் புகுந்த தொல்காப்பியர் முதலில் உயர்திணை, அஃறிணை என்று பொருள்களை வகை செய்தார். அக வாழ்வை ஆராயப் புகுந்தபோது முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று பிரித்தார். வகைப்படுத்திய பின்னரே விதி சொல்ல முடியும் என்பது அவர் கண்ட நெறி. தகவல் அமைப்பு வகுப்போர் கைக்கொள்ள வேண்டிய நெறியும் அதுவே.

ஆராய்ச்சி வளர்ந்த வரலாறு

1960களில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றிய சார்லஸ் பாக்மன், தகவல்களை ஒன்றோடொன்று இணைத்துச் சேமிக்கும் முறை ஒன்றை உருவாக்கினார். 1973இல் டூரிங் விருது பெற்றார். 1970இல் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த எட்கர் காட், எல்லாத் தகவலையும் அட்டவணைகளாகவே வைக்கலாம் என்று கணித அடிப்படையில் காட்டினார். இன்று நாம் பயன்படுத்தும் தரவுத்தளங்களில் மிகப் பலவும் அவர் வழியில் வந்தவையே. ஆனால் எந்த அட்டவணைகள் வேண்டும் என்பதை எப்படி முடிவு செய்வது? அட்டவணைக்கு முந்திய இந்த வினாவுக்கு 1976ஆம் ஆண்டு மார்ச் மாதம் வெளியான ஒரு கட்டுரை வழிகாட்டியது. எழுதியவர் தைவானில் பிறந்து, அப்போது மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆசிரியராக இருந்த பீட்டர் சென். அவர் முன்வைத்தது 'பொருள் – உறவு மாதிரி'. பொருளுக்கு ஒரு செவ்வகம். உறவுக்கு ஒரு சாய்சதுரம். இரண்டையும் இணைக்கும் கோடு. இவ்வளவு எளிய படத்தால் அலுவலர், வணிகர், கணிப்பொறியாளர் மூவரும் ஒரே தாளைப் பார்த்துப் பேச முடிந்தது. சீன எழுத்துகளின் அமைப்புக்கும் தம் மாதிரிக்கும் உள்ள ஒற்றுமையைப் பின்னாளில் அவரே விளக்கி எழுதியுள்ளார்.

1979இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் இம்மாதிரி பற்றிய முதல் பன்னாட்டு மாநாடு கூடியது. அம்மாநாடு தொடர்ந்து நடந்து வருகிறது. 2022ஆம் ஆண்டு மாநாடு ஐதராபாத்தின் பெயரில் இணையவழியாக நடைபெற்றது. 1994இல் நார்வே நாட்டு ஆய்வாளர் லிண்ட்லண்ட் முதலான மூவர், ஒரு மாதிரியின் தரத்தை அளக்க மூன்று அளவுகோல்களைத் தந்தனர். வரையும் மொழியின் இலக்கணத்தை மாதிரி மீறாமல் இருக்கிறதா? உலகில் உள்ளதை உள்ளபடியும் குறைவின்றியும் சொல்கிறதா? அதைப் பயன்படுத்துவோருக்கு அது விளங்குகிறதா? மூன்றுள் முதலாவதைக் கணிப்பொறியே சரிபார்த்துவிடும். மற்ற இரண்டையும் மனிதரிடம் சென்று கேட்டுத்தான் அறிய வேண்டும்.

இந்த ஆராய்ச்சிக்கு இவ்வளவு மதிப்பு எதனால்? தொடக்கத்தில் புகும் பிழையைப் பின்னால் திருத்துவதற்கு ஆகும் செலவு பன்மடங்கு என்று பாரி போம் 1981இல் வெளியிட்ட மென்பொருள் பொருளியல் நூலில் எடுத்துக்காட்டினார். கடைக்கால் கோணலானால் மேல்சுவரைப் பூசிச் சரிசெய்ய முடியாது. இனி நம் ஊர் நில ஏடுகளின் கடைக்காலைப் பார்ப்போம்.

பாரமகாலில் வகுக்கப்பட்ட மாதிரி

1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி பாரமகாலும் சேலம் நாடும் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தன. நிர்வாகத்தை ஏற்ற காப்டன் அலெக்சாண்டர் ரீட், தாமஸ் மன்றோ, மக்லவுட், கிரகாம் என்னும் இராணுவ அதிகாரிகளை உதவியாளராகக் கொண்டார். மலைக்குக் கீழ்ப்பட்ட தாலகாட் பகுதி, அதாவது இன்றைய சேலம் – நாமக்கல் சமவெளி, மக்லவுடின் பொறுப்பில் இருந்தது. ஊர் மொத்தத்துக்கும் ஒரு தொகை என்று பேசாமல் வயல் வயலாக அளந்து, உழவரோடு நேரடியாகத் தீர்வை பேசும் முறை இங்கே உருப்பெற்றது. பின்னாளில் சென்னை மாகாண ஆளுநரான மன்றோவின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் ரயத்துவாரி முறைக்கு நம் மாவட்டமே பயிற்சிக் களம்.

கருத்துரு மாதிரிக் கண்ணோடு நோக்கினால், அவர்கள் ஒப்புக்கொண்ட பொருள்கள் மூன்று: நிலம், உழவர், தீர்வை. உறவு ஒன்று: இன்ன நிலத்துக்கு இன்னார் தீர்வை செலுத்துவார். ஏட்டின் நோக்கம் வரி வசூல். ஆகவே வரிக்குத் தேவையானவை மட்டுமே அதில் இடம்பெற்றன.

மாதிரி மாறினால் மனிதருக்கு என்ன நேரும் என்பதற்கும் நம் மாவட்ட வரலாறே சான்று தருகிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிரந்தரத் தீர்வை என்ற கொள்கை வந்தது. சேலம் மாவட்டத்தின் பெரும்பகுதி மிட்டாக்களாகப் பிரிக்கப்பட்டு ஏலத்தில் விற்கப்பட்டது. அந்தக் கிராமங்களில் அரசின் கணக்குக்குத் தெரிந்தவர் மிட்டாதாரர் ஒருவரே. ஏர் பிடித்த உழவர் அரசின் கண்ணிலிருந்து மறைந்தார். அவர் நிலத்தில்தான் இருந்தார், ஏட்டில்தான் இல்லை. பல மிட்டாக்கள் வரிப் பாக்கியால் அரசிடமே திரும்பின. எஞ்சியவை எஸ்டேட்டுகளை ஒழித்து ரயத்துவாரியாக மாற்றும் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் முடிவுக்கு வந்தன. ஏட்டில் ஒரு பொருளைச் சேர்ப்பதும் நீக்குவதும் வெறும் எழுத்து வேலை அன்று என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.

ஒரே நிலம், பல ஏடுகள்

இன்று ஒரு துண்டு நிலத்தைப் பற்றி அரசிடம் பல ஏடுகள் உள்ளன. 'அ' பதிவேடு புல எண் வரிசையில் அமைந்தது. புல எண், உட்பிரிவு, நன்செயா புன்செயா என்பது, பரப்பு, தீர்வை, பட்டா எண், பட்டாதாரர் பெயர் ஆகியவை அதில் இருக்கும். சிட்டா பட்டா எண் வரிசையில் அமைந்தது. ஒருவர் பெயரில் அந்தக் கிராமத்தில் உள்ள நிலங்களைத் தொகுத்துக் காட்டும். அடங்கல் பசலி ஆண்டுதோறும் எழுதப்படுவது. எந்தப் புலத்தில் என்ன பயிர் என்று சொல்லும். புலப்படம் எல்லைக் கோடுகளையும் அளவுகளையும் காட்டும். இவை நான்கும் வருவாய்த் துறை, நில அளவைத் துறை சார்ந்தவை. கிரயம், பாகப்பிரிவினை, அடமானம் ஆகிய ஆவணங்களோ பதிவுத் துறையில் உள்ளன.

இவற்றின் அடிப்படைப் பொருள் ஒன்றன்று என்பதைக் கவனிக்க வேண்டும். வருவாய்த் துறை புல எண்ணிலிருந்து தொடங்குகிறது. நில அளவைத் துறை கோட்டிலிருந்து தொடங்குகிறது. பதிவுத் துறை ஆவணத்திலிருந்து தொடங்குகிறது. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி பதிவாவது ஆவணமே. விற்றவருக்கு உண்மையில் உரிமை இருந்ததா என்பதற்கு அரசு உறுதி தருவதில்லை. பட்டாவும் தன்னளவில் உரிமை மூலம் ஆகாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியுள்ளன. அப்படியானால் உரிமை எந்த ஏட்டில் இருக்கிறது? நேரான விடை: எந்த ஒரு ஏட்டிலும் இல்லை. பல ஏடுகளை ஒப்பிட்டு வழக்கறிஞர் ஊகிக்கும் முடிவாகவே அது இருக்கிறது.

ஏடுகளைப் புதுப்பிக்க அரசு எடுத்த முயற்சிகள் பல. 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் அனுபோகத்துக்கு ஏற்ப உட்பிரிவுகள் செய்யப்பட்டன. பல ஊர்களில் எண்கள் மாறின. அதனால் பழைய பத்திரத்தில் ஓர் எண்ணும் இன்றைய பட்டாவில் வேறோர் எண்ணும் காணப்படுகின்றன. அதே காலத்தில், 1980 நவம்பரில், பரம்பரையாக வந்த மணியக்காரர், கர்ணம் பதவிகள் ஒழிக்கப்பட்டுக் கிராம நிர்வாக அலுவலர் பதவி வந்தது. சமூக நீதி நோக்கில் இது வரவேற்கத்தக்க மாற்றமே. ஆயினும் தகவல் நோக்கில் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். ஏட்டில் இல்லாத பலவும் கர்ணத்தின் நினைவில் இருந்தன. அவர் போனபின் ஏடு தனித்து நிற்க வேண்டியதாயிற்று. 1988–89இல் மத்திய அரசு எட்டு மாவட்டங்களில் நில ஏடுகளைக் கணிப்பொறியில் ஏற்றும் சோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. அத்திட்டம் நாடெங்கும் பரவியது. தமிழ்நாட்டில் 'தமிழ் நிலம்' என்னும் மென்பொருள் வந்தது. இன்று பட்டாவையும் 'அ' பதிவேட்டையும் வீட்டிலிருந்தே இணையத்தில் பார்க்க முடிகிறது. இது பெரும் நன்மை. ஆனால் ஏறியவை அதே கட்டங்கள். 18ஆம் நூற்றாண்டில் வரிக்காக வகுத்த அதே பொருள்கள்.

கிணற்றில் மூன்றில் ஒரு பங்கு

நம் சமவெளியில் மக்கள் நிலத்தை மூன்றாகப் பிரித்துப் பேசுகிறார்கள். மழையை நம்பியது காடு. கிணற்றை நம்பியது தோட்டம். ஆற்றையோ ஏரியையோ நம்பியது வயல். பதிவேட்டின் பெரும் பிரிவுகளோ நன்செய், புன்செய் என்ற இரண்டு. எங்கள் பக்கத்துத் தோட்டங்கள் பெரும்பாலும் ஏட்டில் புன்செய் என்றே நிற்கின்றன. உழவர் வாழ்வுக்கு உயிரான வேறுபாடு ஏட்டில் ஒரு வகையாகக்கூட இல்லை.

தோட்டம் என்றால் கிணறு. கிணறு என்றால் பங்கு. எங்கள் குடும்ப நிலத்தையே சான்றாகச் சொல்கிறேன். அப்பாரு காலத்தில் ஒரே தோட்டம். பாகப்பிரிவினையில் பெரியப்பா, என் தந்தை, சித்தப்பா மூவருக்கும் மூன்று உட்பிரிவுகள் ஆயின. கிணறு பெரியப்பா பாகத்தில் விழுந்தது. பத்திரத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது: கிணற்றிலும் மின்மோட்டாரிலும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு, நாள் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சிக்கொள்வது, வாய்க்காலும் வண்டித் தடமும் பொது. பத்திரம் பதிவு அலுவலகத்தில் இருக்கிறது. பட்டா மாறுதலும் முறையாக நடந்தது. ஆனால் இணையத்தில் பெரியப்பாவின் உட்பிரிவைத் திறந்து பார்த்தால் அவர் பெயர் மட்டுமே உண்டு. கிணறு பற்றியோ, அதில் வேறு இருவருக்கு உள்ள பங்கு பற்றியோ, தடம் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. யாரும் தவறு செய்யவில்லை. எழுதக் கட்டம் இல்லை, அவ்வளவே.

சில ஊர்களில் கிணற்று இடத்தைத் தனி உட்பிரிவாக்கிக் கூட்டுப் பட்டா கொடுப்பதும் உண்டு. அப்போது பெயர்கள் வரும். ஆனால் யாருக்கு எவ்வளவு பங்கு, யாருக்கு எந்த நாள் முறை என்பது அப்போதும் வராது.

சென் வகுத்த முறையில் இதைப் படமாக வரைந்து பார்த்தேன். நபர் ஒரு பொருள்; கிணறு ஒரு பொருள். ஒருவருக்குப் பல கிணறுகளில் பங்கு இருக்கலாம். ஒரு கிணற்றில் பலருக்குப் பங்கு இருக்கலாம். ஆகவே இது பலவுக்குப் பல என்னும் உறவு. 'மூன்றில் ஒன்று' என்பது யாருடைய பண்பு? நபரின் பண்பு அன்று. அவருக்கு வேறு கிணற்றில் பாதிப் பங்கு இருக்கலாம். கிணற்றின் பண்பும் அன்று. அதில் மூவர் உள்ளனர். அது அந்த உறவின் பண்பு. முறை நாளும் அப்படியே. இனி வண்டித் தடம். அது ஒரு நபருக்கும் நிலத்துக்கும் உள்ள உறவு அன்று. ஒரு நிலத்துக்கும் இன்னொரு நிலத்துக்கும் உள்ள உறவு. நிலம் கை மாறினாலும் தட உரிமை நிலத்தோடு போக வேண்டும். பதிவேடு 'நிலம் – பட்டாதாரர்' என்னும் ஒரே உறவை மட்டும் அறிந்திருப்பதால் இவை இரண்டுக்கும் அதில் இடம் இல்லை.

இதனால் என்ன நட்டம் என்று கேட்கலாம். பெரியப்பா இருக்கும்வரை நட்டம் ஒன்றும் இல்லை. அவர் வாய்ச்சொல்லே ஏடு. ஆனால் நாளை அந்த உட்பிரிவு வெளியார் ஒருவருக்கு விற்கப்பட்டால், வாங்குபவர் பட்டாவை மட்டும் பார்த்துவிட்டுக் கிணற்றைச் சுற்றி வேலி போட்டால், எங்கள் இரு பாகமும் ஒரே கோடையில் தோட்டத்திலிருந்து காடாகிவிடும். பழைய பத்திரத்தைத் தேடி எடுத்து நீதிமன்றம் போகலாம். போவதற்குப் பணமும் ஆண்டுகளும் உள்ளவருக்கு நியாயம் கிடைக்கும்; ஒன்றரை ஏக்கர்காரர் பங்கை விட்டுக்கொடுத்துவிட்டு நூற்பாலை வேலைக்குப் போவார். இந்தச் சமவெளியில் பங்காளிகள் பேச்சு வார்த்தை இல்லாமல் போன குடும்பங்களின் கதையைக் கேட்டால், பலவற்றின் அடியில் ஒரு கிணறோ ஒரு தடமோ இருக்கக் காணலாம்.

இரண்டு காலங்கள்

பொருள், உறவு ஆகியவற்றோடு ஆய்வாளர்கள் வற்புறுத்தும் மற்றொன்று காலம். 1980களிலிருந்து ரிச்சர்ட் ஸ்நாட்கிராஸ் முதலியோர் இதனை விரிவாக ஆராய்ந்தனர். ஒவ்வொரு செய்திக்கும் இரண்டு காலங்கள் உண்டு என்பது அவர்கள் கருத்து. ஒன்று, செய்தி உலகில் உண்மையாக இருந்த காலம்; மற்றொன்று, அது ஏட்டில் ஏறியிருந்த காலம். தரவுத்தள மொழியின் 2011ஆம் ஆண்டுத் தர நிர்ணயத்தில் இவ்விரு காலங்களையும் கையாளும் வசதி சேர்க்கப்பட்டது.

தாத்தா இறந்த ஆண்டு வேறு; வாரிசுகள் பெயருக்குப் பட்டா மாறிய ஆண்டு வேறு. இடைப்பட்ட காலத்தில் நிலத்தின் உரிமையாளர் யார் என்றால் உலகம் ஒரு விடை சொல்லும். ஏடு வேறு விடை சொல்லும். பிரதமர் கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6000 ரூபாய் உதவி பெற, 2019 பிப்ரவரி 1 அன்று நில ஏட்டில் இருந்த நிலை அடிப்படையாகக் கொள்ளப்பட்டது. உரிமையாளர் இறந்ததால் வரும் வாரிசு மாற்றத்துக்கு விலக்கு அளிக்கப்பட்டது. இரண்டு காலங்களும் வேறு என்பதை அரசாணையே உணர்ந்து செய்த ஏற்பாடு என்று அவ்விலக்கைக் கொள்ளலாம்.

பெண்களின் உரிமையிலும் இதே சிக்கல் உண்டு. தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டுத் திருத்தம், அந்நாளுக்குமுன் மணமாகாத மகள்களுக்குக் குடும்பச் சொத்தில் மகனுக்கு இணையான பங்கு தந்தது. 2005இல் நாடு முழுவதற்குமான மத்தியத் திருத்தம் வந்தது. சட்டம் மாறிய அன்றே உலகில் உறவு மாறிவிட்டது. ஏட்டிலோ தந்தையின் பெயரோ அண்ணனின் பெயரோ மட்டும் தொடர்ந்து நிற்கும் குடும்பங்கள் பல.

இடப்பெயர்களுக்கும் காலம் உண்டு. தருமபுரி 1965இலும் நாமக்கல் 1997இலும் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டங்கள் ஆயின. 1990இல் எழுதிய பத்திரம் 'சேலம் மாவட்டம், நாமக்கல் வட்டம்' என்று சொல்வது பிழையன்று; அன்றைய உண்மை. மாவட்டத்தை நிலத்தின் மாறாப் பண்பாகக் கருதி வகுத்த மென்பொருள் அப்பத்திரத்தைத் தேடித் திணறும். கிராமத்துக்கும் மாவட்டத்துக்கும் உள்ள தொடர்பை, தேதி உடைய ஓர் உறவாகக் கண்டால் திணறல் இல்லை.

உலகம் வகுத்த பொது மாதிரி

இச்சிக்கல்கள் நமக்கு மட்டும் உரியன அல்ல. நெதர்லாந்தைச் சேர்ந்த லெம்மன், வான் ஊஸ்டரோம் முதலிய ஆய்வாளர்கள் 2002 முதல் நில நிர்வாகத்துக்கென ஒரு பொதுக் கருத்துரு மாதிரியை உருவாக்கி வந்தனர். அது 2012இல் ஐ.எஸ்.ஓ. 19152 என்னும் பன்னாட்டுத் தரமாக வெளிவந்தது. அதன் சாரம் எளியது. நபர் அல்லது குழு ஒரு பக்கம். நிலத் துண்டு மறுபக்கம். நடுவில் உரிமை, கட்டுப்பாடு, பொறுப்பு என்ற மூன்றும் தனிப் பொருள்களாக நிற்கின்றன. உரிமைக்குப் பங்கின் அளவு உண்டு. தொடங்கிய நாளும் முடிந்த நாளும் உண்டு. அதற்கு ஆதாரமான ஆவணம் உண்டு.

இதை முதன்முதல் படித்தபோது எனக்கு எங்கள் பாகப்பிரிவினைப் பத்திரமே நினைவுக்கு வந்தது. அதை எழுதிய பத்திர எழுத்தர் ஐ.எஸ்.ஓ. என்ற பெயரைக் கேட்டிருக்க மாட்டார். ஆயினும் நபர், பங்கு, கிணறு, முறை, தடம், நாள் ஆகிய யாவற்றையும் ஒன்று விடாமல் எழுதியிருந்தார். ஆய்வாளர் கண்டது பத்திர எழுத்தருக்குத் தெரிந்தே இருந்தது. இடையில் இருந்த பதிவேட்டுக்குத்தான் தெரியவில்லை.

'எல்லாவற்றையும் ஏட்டில் ஏற்றினால் ஏடு பெருகாதா, வேலை கூடாதா' என்ற ஐயம் நியாயமானதே. ஒரு மாதிரி உலகம் முழுவதையும் சொல்ல வேண்டியதில்லை, சொல்லவும் முடியாது. ஆனால் எதை விடுகிறோம் என்பதை அறிந்து விட வேண்டும். வரி வசூலுக்கென வகுத்த ஏட்டில் கிணற்றுப் பங்கை விட்டது அக்காலத்துக்குப் பொருந்தியிருக்கலாம். இன்று அதே ஏட்டைக் கொண்டு வங்கி கடன் தருகிறது. பயிர்க் காப்பீடும் அரசு உதவியும் வழங்கப்படுகின்றன. வெளியூர்க்காரர் நிலம் வாங்குகிறார். ஏட்டின் நோக்கம் மாறியபின் மாதிரியும் மாற வேண்டும் அல்லவா?

முடிவுரை

கருத்துரு மாதிரியாக்கம் கணிப்பொறித் துறையின் ஒரு பிரிவாகக் கருதப்பட்டாலும், அதில் பாதி வேலை கேட்பது. பழைய தீர்வை முறையை விளக்க வரலாற்று மாணவர் வேண்டும். குத்தகையும் வாரமும் வேறு வேறு உறவுகள் என்று சொல்லப் பொருளியல் மாணவர் வேண்டும். பத்திரத் தமிழில் உள்ள 'பாத்தியம்', 'அனுபோகம்', 'விடுதலை' ஆகிய சொற்களின் பொருள் வேற்றுமையைப் பிரித்துக் காட்டத் தமிழ் மாணவர் வேண்டும். இவர்கள் சொல்வதை வரைபடமாக்கக் கணிப்பொறி மாணவர் வேண்டும். இந்நால்வரும் ஒரே வளாகத்தில் பயிலும் இடம் அரசு கலைக் கல்லூரியே.

ஆகவே நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் விடுமுறையில் அவரவர் வீட்டுப் பத்திரத்தையும் பட்டாவையும் அருகருகே வைத்துப் படியுங்கள். பத்திரத்தில் இருந்து பட்டாவில் இல்லாதவற்றை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் வாய்மொழியாக மட்டும் சொல்பவற்றை அதன் கீழே எழுதுங்கள். அவை ஏட்டிலும் இல்லை, பத்திரத்திலும் இல்லை. கொல்லிமலை அடிவாரத்திலிருந்தும் காவிரிக் கரையிலிருந்தும் திருமணிமுத்தாற்றுப் பக்கமிருந்தும் வரும் மாணவர்கள் இப்படி எழுதிக் கொண்டுவரும் தாள்களைப் பேராசிரியப் பெருமக்கள் தொகுத்து ஒழுங்கு செய்தால், இந்தச் சமவெளிக்கு ஏற்ற ஒரு மாதிரியின் முதல் வரைவு நம் கையில் இருக்கும். சொல்வதற்குப் பெரியவர்கள் இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும்.